1959 மொறிஸ் மைனர் 1000: வேற காரில கழட்டின 8 அங்குல முன் பிறேக், ட்றனியன் – வாங்க முதல் எதைப் பார்க்க வேணும்?

948_மைனர்

அண்ணைமார், கார் 1959 மைனர் 1000, நாலு கதவு சலூன், 948 சி.சி. முன் பிறேக் 7 அங்குலம். 1098 சி.சி. மைனர் ஒண்டை உடைச்சு விக்கினம். அதின்ர 8 அங்குல முன் பிறேக்கை என்ர காருக்குப் பூட்டலாம் எண்டு நினைக்கிறன். விக்கிறவர் எல்லாத்தையும் ஒரே குவியலா, ஒரே விலைக்குத் தாறன் எண்டுறார். குவியலில இருக்கிறது:

பாக் பிளேட் (ஷூவைத் தாங்கிற தகடு) 2 (ஷூ, சிலிண்டர் பூட்டினபடி), ட்றம் 3, ஹப் 2, ட்றனியனோட (புரி வெட்டின இணைப்புத் துண்டு) ஸ்விவல் பின் (முன் சில்லைத் தாங்கித் திரும்புற நிமிந்த தண்டு) இரண்டு பக்கத்துக்கும், முன் ஷொக் அப்சோபர் 2, டோர்ஷன் பார் (முறுகி ஸ்பிரிங் வேலை செய்யிற கம்பி) 2 (எந்தப் பக்கம் எண்டு அடையாளம் ஒண்டும் தெரியேல்லை), பின் இலை ஸ்பிரிங் 2 (ட்றவலர் எண்ட மரச்சட்ட மைனரின்ர எண்டு சொல்லுறார், "எல்லாம் ஒண்டுதான்" எண்டும் சொல்லுறார்).

இதில எது என்ர காருக்கு நேர பொருந்தும்? காசு குடுக்க முதல் எதை அளக்க வேணும்? எதைப் பழசா வாங்கவே கூடாது? கையில வேர்னியர், ஸ்டீல் ரூல், டோர்ச் இருக்கு. ஆறுதலா இருந்து பார்க்க விடுவார்.

எட்டங்குலம்

யோசனை சரி. 1962இல 1098 சி.சி. எஞ்சின் வந்தபோது தொழிற்சாலையே முன்னுக்கு 8 அங்குலம், பின்னுக்குப் பழைய 7 அங்குலம் எண்டுதான் போட்டது. அதால முன் பின் சமநிலை கெடும் எண்டு பயப்பிடத் தேவையில்லை. சில்லும் அதே 14 அங்குலம், நாலு நட்டு, 4 அங்குல வட்டம். ட்றம் விட்டம் 177.8 மி.மீ.இல இருந்து 203.2 ஆகுது. சிலிண்டர் அளவு மாறாட்டி அதே மிதிக்கு ஏழில ஒரு பங்கு கூடப் பிடிக்கும்.

ஆனா துண்டு துண்டாக் கலக்கேலாது. 7 அங்குல பாக் பிளேட்டில 8 அங்குல ஷூ நிக்காது. பாக் பிளேட், ஷூ, சிலிண்டர், இரண்டு சிலிண்டரையும் இணைக்கிற சின்னக் குழாய், ஹப், ட்றம் எல்லாம் ஒரே காரில இருந்து ஒரே செற்றா எடுங்கோ. அந்தச் சின்னக் குழாயை ஆக்கள் விட்டிட்டு வந்து பிறகு அலையிறவை.

போக முதல் வீட்டில ஒரு வேலை. உங்கட காரின்ர முன் ட்றம்மையும் ஹப்பையும் கழட்டி, பாக் பிளேட் ஸ்டப் அக்சிலோட (ஹப் சுத்துற கட்டைத் தண்டு) பூட்டுப்படுற போல்ட் ஓட்டைகளையும் நடு ஓட்டையையும் தடிச்ச மட்டையில அழுத்தி அச்செடுங்கோ. குவியலில இருக்கிற பிளேட்டுக்கு மேல அந்த மட்டையை வைச்சா பொருந்துதா இல்லையா எண்டு அங்கேயே தெரியும். ஹப்புக்கும் அப்பிடித்தான்: உங்கட பெயாரிங்கின்ர வெளி விட்டம், உள் விட்டம், அகலம் மூண்டையும் எழுதிக்கொண்டு போங்கோ. இரண்டு பெயாரிங்குக்கும் நடுவில ஒரு இடைக்குழல் இருக்கும், அது ஹப்புக்குள்ள இருக்கோ எண்டு டோர்ச் அடிச்சுப் பாருங்கோ.

பாக் பிளேட்டில முதல் பார்க்கிறது இடமா வலமா எண்டதை. மைனரின்ர முன் பிறேக்கில ஒரு சில்லுக்கு இரண்டு சிலிண்டர், இரண்டு ஷூவும் முன்னோடி ஷூ. கார் முன்னுக்குப் போகேக்க ட்றம் ஒவ்வொரு ஷூவிலயும் பிஸ்டன் தள்ளுற முனையில இருந்து மற்ற முனையை நோக்கிச் சுத்த வேணும். அப்பத்தான் உராய்வு ஷூவை இன்னும் உள்ளுக்கு இழுத்துப் பிடிக்கும். பக்கம் மாறிப் பூட்டினா ரிவர்ஸில நல்லாப் பிடிக்கும், முன்னுக்குப் போகேக்க ஏனோதானோ எண்டு நிக்கும். இரண்டு பிளேட்டையும் பக்கத்தில வைச்சா ஒண்டு மற்றதின்ர கண்ணாடி விம்பம் மாதிரித் தெரிய வேணும். இரண்டும் ஒரே மாதிரி எண்டால் ஒரே பக்கத்துப் பிளேட் இரண்டு சேர்ந்திருக்கு எண்டு அர்த்தம். சிலிண்டரும் குழாய் வாற துளை, எயர் எடுக்கிற நிப்பிள் இருக்கிற இடத்தால இடம் வலம் வேறுபடும்.

ட்றம்மில விளிம்பு வழிய தேயாத ஒரு வரம்பு நிக்கும். அந்த வரம்பை அளந்திட்டு "புதுசு மாதிரி" எண்டு நம்பாதேங்கோ, அதுக்கு உள்ளால அளக்க வேணும். உங்கட வேர்னியர் 150 மி.மீ. எண்டால் எட்டவும் மாட்டாது. 6 மி.மீ. கம்பி ஒண்டை இரண்டு முனையும் உருட்டி அராவி, நீளம் சரியா 204.7 மி.மீ. வரச் செய்யுங்கோ. அதைச் சரிச்சு வரம்புக்கு உள்ளால விட்டு நிமித்துங்கோ. இறுகி நிண்டா ட்றம் எல்லைக்குள்ள. தடையில்லாம நேரா நிமிந்தா அது இரும்பு வியாபாரிக்குப் போற ட்றம். மூல அளவில இருந்து 1.5 மி.மீ. வரைக்கும்தான் கடைஞ்சு பாவிக்கலாம் எண்டது இப்பிடியான ட்றம்முக்குப் பொதுவாப் பாவிக்கிற எல்லை. மூண்டு இடத்தில போட்டுப் பாருங்கோ, முட்டை வடிவம் இருந்தா மிதி காலுக்குக் கீழ துடிக்கும். பிறகு ட்றம்மை விரலில தொங்கவிட்டு ஸ்பனரால மெல்லத் தட்டுங்கோ. மணி போலக் கேட்டா சரி, 'டொக்' எண்டால் வெடிப்பு.

ஒண்டை மறக்காதேங்கோ: பழைய லைனிங்கில அஸ்பெஸ்டஸ் இருக்கும். ஊதவும் வேண்டாம், கொம்பிரசர் காத்தும் அடிக்க வேண்டாம். ஈரத்துணியால துடைச்சு, துணியைப் பையில கட்டிப் போடுங்கோ.

கிறீஸ்_நிப்பிள்

பிறேக்கை எட்டங்குலம் சொல்லிட்டார். உங்களுக்கு உண்மையா ஆபத்து வரக்கூடியது ஸ்விவல் பின்னிலதான்.

மைனரின்ர முன் பக்கத்தில போல் ஜொயின்ற் இல்லை. ஸ்விவல் பின்னின்ர மேலயும் கீழயும் புரி வெட்டியிருக்கும், அந்தப் புரியில ட்றனியன் திருகி நிக்கும். ஸ்டியரிங் வெட்டேக்க ஸ்விவல் பின் ட்றனியனுக்குள்ள திரும்பும். காரின்ர முன் பாரம் கீழ் ட்றனியன் புரியாலதான் போகுது. கிறீஸ் இல்லாம ஓடி அந்தப் புரி தேஞ்சா, ஒரு நாள் ஸ்விவல் பின் ட்றனியனை விட்டுக் கழண்டு வரும், சில்லு வெளியில மடிஞ்சு படுக்கும், கார் மூக்கால றோட்டை உழும். அனேகமா ஸ்டியரிங்கை முழுசா வெட்டேக்கதான் இது நடக்கும். கார் நிறுத்தேக்க நடந்தா அதிர்ஷ்டம்.

பார்க்கிற விதம்: ட்றனியனை முழுசாத் திருகிக் கழட்டுங்கோ. கழட்ட விட மாட்டன் எண்டால் வாங்காதேங்கோ. புரியைத் துடைச்சு டோர்ச் அடிச்சுப் பாருங்கோ. நல்ல புரியின்ர உச்சி தட்டையா இருக்கும். தேஞ்ச புரி கத்தி விளிம்பு மாதிரிக் கூரா இருக்கும். பிறகு ட்றனியனைப் பாதி வரைக்கும் திருகி, கிறீஸ் இல்லாம, இரண்டு கையாலயும் ஆட்டுங்கோ. கிறீஸ் இருந்தா ஆட்டத்தை மறைச்சுப்போடும், அதால துடைச்சிட்டுத்தான் செய்ய வேணும். மேலயும் கீழயும் இழுத்தால் 'டக் டக்' எண்டு தட்டுற ஆட்டம் இருக்கக் கூடாது. பின்னின்ர புரி நல்லது, ட்றனியன்தான் தேஞ்சது எண்டால் புது ட்றனியன் போடலாம். ஸ்விவல் பின் தேஞ்சிருந்தா புது ட்றனியனும் கெதியில போயிடும், அந்தப் பின்னை விடுங்கோ.

இடப்பக்கமும் வலப்பக்கமும் புரி எதிரெதிர்த் திசை. அதால மாறித் திருக முயற்சித்தாலே ஏறாது. ஏறாத ஒண்டை விக்கிறவர் ஸ்பனர் போட்டு ஏத்திக் காட்டினா அந்தச் சோடி அப்பவே நாசம்.

ஸ்டப் அக்சில் பக்கத்தில இரண்டு இடம். ஒண்டு, தண்டு அடியில தடிப்பு மாறுற வளைவு. அதை நல்லாத் துடைச்சு, மண்ணெண்ணெய் பூசி, துடைச்சு, சோக்குத் தூள் தேய்ச்சு அரை மணித்தியாலம் விடுங்கோ. மயிர் வெடிப்பு இருந்தா மண்ணெண்ணெய் கசிஞ்சு வெள்ளையில கறுத்த கோடு விழும். மற்றது பெயாரிங் இருக்கிற இடம். நீலம் பாஞ்சு, பளபளத்து, வளையம் வளையமாக் கீறியிருந்தா பெயாரிங்கின்ர உள் வளையம் அதில சுத்தியிருக்கு. புதுப் பெயாரிங் போட்டாலும் இறுகாது.

டோர்ஷன் பார் பற்றிச் சுருக்கமா: எடுக்க வேண்டாம். பிறேக் மாத்திறதுக்கு அது தேவையும் இல்லை. ஓடின பார் ஒரு பக்கத்துக்கு முறுகிப் பழகியிருக்கும். அதை மற்றப் பக்கம் போட்டா எதிர்த் திசையில முறுகும். கார் பதியும், இல்லாட்டி பார் முறியும். அடையாளம் இல்லாத பார் இரண்டும் எந்தப் பக்கத்தில ஓடினது எண்டு வெளியில பார்த்துச் சொல்லேலாது. அடையாளம் இருந்தாலும் மேற்பரப்பில துருக்குழியோ, வைஸில பிடிச்ச பல் அடையாளமோ இருந்தா விடுங்கோ. முறிவு அந்தச் சின்னக் கீறலில இருந்துதான் துவங்கும்.

பழைய_மனுவல்

தம்பி, ஷொக் அப்சோபரைப் பற்றி இன்னும் யாரும் எழுதவில்லை, அதனால் எழுதுகிறேன். மைனரின் முன் ஷொக் அப்சோபர் வெறும் ஷொக் அப்சோபர் அல்ல. அதன் கைதான் சில்லின் மேல் இணைப்பு. எனவே எண்ணெய்க் கசிவை மட்டும் பார்த்தால் போதாது.

முதலில் அதை வைஸில் அதன் போல்ட் காதுகளால் நிமிர்த்திப் பிடியுங்கள். கையை ஒரே வேகத்தில் அடியிலிருந்து நுனி வரை, நுனியிலிருந்து அடி வரை ஆறேழு முறை அசையுங்கள். தடை இரு திசையிலும் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். நடுவில் வெறுமையாக ஓடும் இடம் இருந்தால் எண்ணெய் குறைவு அல்லது காற்று. எண்ணெய் நிரப்பி மறுபடி அசைத்தும் வெறுமை போகவில்லை என்றால் உள்ளே பிஸ்டன் அல்லது வால்வு தேய்ந்திருக்கிறது. ஒரு திசையில் மட்டும் தடை இருந்தால் அதுவும் வால்வுதான். நிரப்புவதற்கு ஷொக் அப்சோபர் எண்ணெய்; ஒருபோதும் பிறேக் எண்ணெய் அல்ல. எஞ்சின் எண்ணெயும் வேண்டாம்.

அடுத்து, கையைத் தண்டின் நீளவாக்கில் இழுத்தும் மேலும் கீழும் நெம்பியும் பாருங்கள். தண்டு துளைக்குள் ஆடினால் அந்த ஆட்டம் முழுவதும் சில்லின் சாய்வுக்குப் போகும். பிறேக் பிடிக்கும்போது கார் ஒரு பக்கம் இழுக்கும், நீங்கள் பிறேக்கைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள். எண்ணெய் கசியாத, ஆனால் தண்டு ஆடுகிற ஒன்றைவிட, லேசாகக் கசிந்தாலும் தண்டு இறுக்கமாக உள்ள ஒன்று எனக்கு மேல். சீலை மாற்றலாம், துளையை மாற்ற முடியாது. முன் ஷொக் அப்சோபரும் இடம் வலம் வேறு. கழற்றும்போதே சுண்ணக்கட்டியால் எழுதிவிடச் சொல்லுங்கள்.

இலை ஸ்பிரிங்: ட்றவலரின் ஸ்பிரிங் சலூனுக்கு உரியதல்ல. மரச்சட்டப் பின்பகுதியும் சாமான் பாரமும் தாங்கச் செய்த ஸ்பிரிங் அது. வெறும் சலூனில் போட்டால் பின்பக்கம் தூக்கி நிற்கும், மேடு பள்ளத்தில் துள்ளும், பாரம் குறைந்த பின் சில்லு பிறேக்கில் சீக்கிரம் பூட்டிக்கொள்ளும். உங்களுக்குப் பின் ஸ்பிரிங் தேவை என்றால் உங்கள் காரில் உள்ள இலைகளின் எண்ணிக்கை, ஒவ்வோர் இலையின் தடிப்பு, கண்ணுக்குக் கண் நீளம், நடு போல்ட் கண்ணிலிருந்து இருக்கும் தூரம் ஆகிய நான்கும் ஒத்த சோடியைத்தான் எடுக்க வேண்டும். இப்போதைக்கு அந்தக் குவியலிலிருந்து அதை நீக்கி விலை பேசுங்கள்.

948_மைனர்

மெத்தப் பெரிய உதவி. இண்டைக்குப் போய்ப் பார்த்தன். மட்டை அச்சு இரண்டு பிளேட்டிலயும் சரியாப் பொருந்துது, இரண்டும் கண்ணாடி விம்பம்தான். ஹப் பெயாரிங் அளவும் அதேதான்.

ட்றம் மூண்டும் வரம்புக்கு உள்ளால 203.9, 204.6, 205.3 மி.மீ. சிலிண்டர் நாலையும் அவரே கழட்டித் தந்தார். மூண்டு ஒரே உள் விட்டம், 23.8 மி.மீ. நாலாவது 22.2. அதோட அந்த நாலாவதில பிறேக் குழாய் நட்டு கையாலயே கடைசி வரைக்கும் சுத்துப்படுது, லேசா ஆடவும் செய்யுது. மற்ற மூண்டிலயும் அப்பிடி இல்லை. "நல்ல ஈசியாப் போகுது, பிரச்சினை இல்லை" எண்டார்.

வலப்பக்க ஸ்விவல் பின் தட்டைப் புரி, இடப்பக்கம் கூர்ப் புரி. ஷொக் அப்சோபர் ஒண்டில தண்டு ஆடுது.

வேற ஒரு ஆள் சொன்னார், இவ்வளவு கஷ்டப்படாம மொறிஸ் மரினாவின்ர டிஸ்க்கைப் பூட்டு, இல்லாட்டி ஜப்பான் காரின்ர கலிப்பரை (டிஸ்க்கை அமத்திப் பிடிக்கிற பகுதி) போடு எண்டு. அதுவும் யோசிக்கலாமோ?

இரண்டு_புரி

நாலாவது சிலிண்டரைத் தொடவே வேண்டாம். அது வேற காரின்ர. நட்டு ஆடுறதுக்கும் அதுதான் காரணமா இருக்க வேணும்.

மைனர் 1000 பிறேக் குழாய் நட்டு 3/8 அங்குல யு.என்.எஃப்., அங்குலத்துக்கு 24 புரி. வெளி விட்டம் 9.5 மி.மீ., புரிக்குப் புரி 1.06 மி.மீ. ஜப்பான் கார்களிலயும் பிந்தின ஐரோப்பியக் கார்களிலயும் வாறது எம்10, அதாவது வெளி விட்டம் 10 மி.மீ., புரிக்குப் புரி 1 மி.மீ. கண்ணால பார்த்தா இரண்டும் ஒண்டுதான். எம்10 நட்டை 3/8 துளைக்குள்ள போட்டா ஏறாது, அதால ஆபத்தில்லை. எதிர்ப்பக்கம்தான் ஆபத்து. 3/8 நட்டு எம்10 துளைக்குள்ள சுகமாப் போகும், கடைசியில இறுகிற மாதிரியும் காட்டும். உண்மையில புரியின்ர நுனி மட்டும்தான் பிடிச்சிருக்கும். சாதாரண மிதிக்கு நிக்கும். அவசரத்தில முழுப் பலத்தோட மிதிச்சா பிடுங்கிக்கொண்டு வரும்.

மைனரில பிறேக் ஒரே சுற்று. நாலு சில்லுக்கும் ஒரே எண்ணெய்ப் பாதை. ஒரு நட்டுப் பிடுங்கினா நாலும் போச்சு, பிறகு கைபிறேக் மட்டும்தான்.

குழாய் இரண்டு வகையிலயும் 3/16 அங்குலம், அதாவது 4.75 மி.மீ. அதால குழாய் பொருந்துது எண்டதை வைச்சு நட்டும் பொருந்தும் எண்டு முடிவெடுக்கேலாது. புரி அளக்கிற தகடு ஒண்டு வாங்கி வையுங்கோ. அது இல்லாட்டி உங்கட காரில இருந்து கழட்டின நட்டொண்டைப் பையில போட்டுக்கொண்டு போங்கோ. நல்ல துளையில அது ஆடாம, கையால முழுசா ஏறும். துளையின்ர அடியையும் டோர்ச் அடிச்சுப் பாருங்கோ. குழாய் முனை விரிப்பு எந்த வடிவமோ அதுக்கேத்த இருக்கை அங்க இருக்க வேணும். கூம்பு எழும்பி நிக்கிற இருக்கைக்கு உள் குழிஞ்ச இரட்டை விரிப்பு. குழிஞ்ச இருக்கைக்குக் குமிழ் விரிப்பு. மாத்திப் போட்டு இறுக்கினா முதல் நாள் கசியாது, பிறகு கசியும்.

அளவைப் பற்றியும் சொல்ல வேணும். 22.2 சிலிண்டரின்ர பரப்பு 387 சதுர மி.மீ., 23.8 இன்ர பரப்பு 445. ஒரே அமுக்கத்தில 15 வீதம் வித்தியாசம். ஒரு சில்லில ஒரு ஷூ பலமாவும் மற்றது மெத்தனமாவும் பிடிச்சா கார் மற்றப் பக்கம் இழுக்கும், லைனிங்கும் ஒரு பக்கம் கூடத் தேயும். நாலும் ஒரே அளவு இருந்தே ஆக வேணும்.

எட்டங்குலம்

ட்றம் முடிவு: 205.3 கழிவு. 204.6 ஐ எடுத்தா மற்றதையும் அந்த அளவுக்குக் கடைய வேணும், ஏனெண்டால் ஒரே அச்சில இரண்டும் 0.25 மி.மீ.க்குள்ள ஒத்திருக்கிறது நல்லது. அப்ப இரண்டும் எல்லையில நிக்கும், அடுத்த கீறலுக்கு இடமில்லை. நான் எண்டால் 203.9 ஐ மட்டும் எடுத்து, கொழும்பு பஞ்சிகாவத்தையில அதுக்குச் சோடி தேடுவன். கடைஞ்ச ட்றம்முக்குப் பழைய ஷூ நடுவில மட்டும்தான் தொடும். லைனிங்கில சோக்கு பூசி, ட்றம்மைப் போட்டுக் கையால சுத்திப் பாருங்கோ. சோக்கு அழிஞ்ச இடம்தான் தொடுற இடம். முக்கால்வாசியாவது அழியாட்டி லைனிங் கடைக்குக் குடுத்து ட்றம் அளவுக்கு அரைக்க வேணும்.

நல்ல மூண்டு சிலிண்டரையும் நகத்தால சோதியுங்கோ. உள்ளுக்கு நகம் தடக்குற குழி இருந்தா விடுங்கோ. மங்கல் கறை மட்டும் எண்டால் மெல்லிசாத் தேய்ச்சு, புது றப்பர் போட்டுப் பாவிக்கலாம். என்ர அபிப்பிராயம், உயிரோட விளையாடாம நாலும் புதுசு போடுறதுதான். பழைய செற்றில உண்மையான பெறுமதி பாக் பிளேட்டுக்கும் ஹப்புக்கும் ட்றம்முக்கும்தான். மற்றதெல்லாம் புதுசாக் கிடைக்கும்.

பிறேக் ஹோஸ் பழசு வாங்கவே வேண்டாம். வெளியில நல்லா இருக்கும், உள்ளுக்கு வீங்கியிருக்கும். மிதிக்கேக்க எண்ணெய் போகும், விட்டதும் திரும்பி வராது. சில்லு பிடிச்சபடி நிண்டு சூடேறும், ஆக்கள் சிலிண்டர் இறுகிப்போச்சு எண்டு அதைக் கழட்டிக்கொண்டிருப்பினம்.

ஷூவைச் சரிப்படுத்திற மைக்றாம் திருகி ஒவ்வொண்டும் 'டிக் டிக்' எண்டு படிப்படியாத் திரும்புதோ எண்டும் பாருங்கோ. துருவில ஒட்டினதை இடுக்கியால முறுக்கினா மூடி உடையும்.

பழைய_மனுவல்

மரினா பற்றிக் கேட்டீர்கள். மரினா 1971இல் வந்தது, முன் சஸ்பென்ஷன் மைனரின் அடிப்படைதான், ட்றனியனும் டோர்ஷன் பாரும் அதிலும் உண்டு. அதனால்தான் "அப்படியே பூட்டலாம்" என்கிறார்கள். ஆனால் மரினாவில் மேல் இணைப்பு போல் ஜொயின்ற், மைனரில் ட்றனியன். இடையில் ஒரு மாற்றுத் துண்டு இல்லாமல் சேராது, அந்தத் துண்டைத் தெரிந்தவர்கள் கடைந்து செய்திருக்க வேண்டும். வெல்டிங் செய்த துண்டை நான் என் காரில் போட மாட்டேன். ட்றம் பிறேக்குக்கான மாஸ்டர் சிலிண்டரின் (மிதி அழுத்தும்போது எண்ணெயைத் தள்ளும் சிலிண்டர்) முனையில் எஞ்சிய அமுக்கத்தைப் பிடித்து வைக்கும் வால்வு உண்டு. டிஸ்க்குக்கு அதை நீக்காவிட்டால் பாட் எப்போதும் உரசிக்கொண்டே ஓடும். டிஸ்க்கில் ஷூவைப் போல் தன்னைத்தான் இறுக்கிக்கொள்ளும் இயல்பு இல்லை, ஆகவே சேர்வோ (மிதிக்குப் பலம் கூட்டும் கருவி) இல்லாமல் மிதி பாரமாகும். மாஸ்டர் சிலிண்டரை 7/8 அங்குலத்திலிருந்து 3/4க்குக் குறைத்தால் அமுக்கம் 36 வீதம் கூடும், மிதியின் ஓட்டமும் அதே 36 வீதம் கூடும். மைனரின் மிதிக்கு அவ்வளவு மிச்ச ஓட்டம் கிடையாது. நகரத்துக்குள் ஓடும் 948க்கு 8 அங்குல ட்றம் தாராளம்.

ஜப்பான் கலிப்பர் பற்றி இரண்டு_புரி சொன்னதே போதும்.

948_மைனர்

விளங்குது. அப்ப எடுக்கிறது: பாக் பிளேட் 2, ஹப் 2, 203.9 ட்றம், வலப்பக்க ஸ்விவல் பின், ஆடாத ஷொக் அப்சோபர் ஒண்டு. சிலிண்டர், ஹோஸ், றப்பர் புதுசு. மாஸ்டர் சிலிண்டரையும் மாத்த வேணுமோ? கழட்டேக்க கவனிக்க வேண்டியது என்ன?

கிறீஸ்_நிப்பிள்

வலப்பக்கப் பின்னை எடுத்தா இடப்பக்கத்தில உங்கட பழையதையும் இதே மாதிரிக் கழட்டிப் பாருங்கோ. 1959 காரில அது எத்தினை கை மாறினதோ ஆருக்குத் தெரியும்.

கழட்டேக்க முக்கியம்: டோர்ஷன் பார் முறுகின நிலையில இருக்கு. சில்லைத் தூக்கி, சட்டத்தை ஸ்டாண்டில நிப்பாட்டி, ஜாக்கியைக் கீழ் ஆமுக்குக் கீழ குடுத்து லேசாத் தூக்கின பிறகுதான் மேல் ட்றனியன் போல்டில கை வைக்க வேணும். போல்ட் வந்ததும் ஜாக்கியை ஆறுதலா இறக்குங்கோ, முறுக்கு முழுசா விடுபடும். ஜாக்கி இல்லாமக் கழட்டினா அந்த ஆம் வெட்டிக்கொண்டு கீழ வரும், கை அங்க இருந்தா கை இல்லை.

பூட்டேக்க ட்றனியனை முழுசா ஏத்தி, ஸ்டியரிங் இரண்டு பக்கமும் கடைசி வரைக்கும் இறுகாமத் திரும்புற அளவுக்கு மட்டும் பின்னுக்கு எடுங்கோ. கூடுதலா எடுத்தா பிடிச்சிருக்கிற புரி குறையும். கிறீஸ் அடிக்கேக்க சில்லு நிலத்தில இருக்கக் கூடாது. பாரம் இருக்கிற பக்கத்துக்குள்ள கிறீஸ் போகாது. ஜாக்கியில தூக்கி, புதுக் கிறீஸ் வெளியில தெரியிற வரைக்கும், 1000 மைலுக்கு ஒருக்கா.

எட்டங்குலம்

மாஸ்டர் சிலிண்டர் அதே 7/8தான், அளவுக்காக மாத்தத் தேவையில்லை. மிதியை ஒரு நிமிஷம் பலமா அமத்திப் பிடியுங்கோ. வெளியில கசிவில்லாம மிதி மெல்ல மெல்லக் கீழ போனா உள் றப்பர் போச்சு. கழட்டுறதெண்டால் அது தறையின்ர கீழ, சட்டத்துக்குள்ள இருக்கு. அதைப் பிடிக்கிற நீட்டுப் போல்டை வெளியில இழுக்க டோர்ஷன் பார் மறிக்கும். அதால முன் பக்கம் கழட்டி பார் தளர்ந்திருக்கிற இந்த நேரத்திலயே அதையும் செய்து முடியுங்கோ, இரண்டு தரம் பாடுபடத் தேவையில்லை. திரும்பப் பூட்டேக்க தள்ளுகோலுக்கும் பிஸ்டனுக்கும் நடுவில சின்ன இடைவெளி இருக்க வேணும். அது இல்லாட்டி எண்ணெய் திரும்புற துளை மூடினபடி நிக்கும், கொஞ்ச தூரம் ஓட நாலு சில்லும் தானாப் பிடிக்கத் துவங்கும்.

றப்பரைப் பெற்றோலாலயும் மண்ணெண்ணெயாலயும் கழுவாதேங்கோ, வீங்கும். பிறேக் எண்ணெய் டொட் 3 அல்லது டொட் 4, புதுசா உடைச்ச போத்தல். நிரப்புற மூடி கால்விரிப்புக்குக் கீழ எண்டதால திறக்க முதல் சுத்தவர மண்ணைத் துடையுங்கோ. எயர் எடுக்கிறது மாஸ்டர் சிலிண்டருக்கு ஆகத் தூரமான இடப்பக்கப் பின் சில்லில இருந்து. எயர் எடுக்க முதல் எல்லா ஷூவையும் ட்றம்மில முட்டுற வரைக்கும் சரிப்படுத்தி விட்டா வேலை கெதியா முடியும். பிறகு ஒவ்வொரு திருகியையும் சில்லு தடையில்லாமச் சுத்துற வரைக்கும் ஒரு படி பின்னுக்கு விடுங்கோ. முன்னுக்கு ஒரு சில்லுக்கு இரண்டு திருகி, ஒண்டை மட்டும் திருப்பிப்போட்டு விடுற ஆக்கள் கனபேர்.

பின்னுக்கு சிலிண்டர் பாக் பிளேட்டின்ர வெட்டில வழுக்கி அசைய வேணும். துருவில ஒட்டியிருந்தா ஒரு ஷூ மட்டும் பிடிக்கும், கைபிறேக்கும் பாதிதான். முன்னைப் பலமாக்கிப்போட்டுப் பின்னை அப்பிடியே விடாதேங்கோ.

இரண்டு_புரி

எல்லாம் பூட்டி, வெறுமையான றோட்டில 30 கி.மீ. வேகத்தில நாலைஞ்சு தரம் பிடிச்சுப் பாருங்கோ. நிப்பாட்டி, நாலு ட்றம்முக்குக் கிட்டவும் கையைக் கொண்டுபோங்கோ. முன் இரண்டும் ஒரே அளவு சுட வேணும். ஒவ்வொரு நட்டடியிலயும் வெள்ளைத் துணியால ஒத்திப் பாருங்கோ, ஈரம் இருந்தா துணி காட்டும். 150 கி.மீ. ஓடினாப் பிறகு ஷூவைத் திரும்பச் சரிப்படுத்துங்கோ, புது லைனிங் முதல்ல கெதியா இருந்துபோகும்.

ஸ்விவல் பின் கழட்டினதால முன் சில்லின்ர உள்வாங்கலையும் (இரண்டு சில்லும் முன்பக்கம் உள்ளுக்குத் திரும்பியிருக்கிற அளவு) பார்க்க வேணும், 3/32 அங்குலம், அதாவது 2.4 மி.மீ. பழைய ஷொக் அப்சோபரோட அளந்து பிரயோசனமில்லை. சோடிக்கு நல்லதொண்டு கிடைச்சுப் பூட்டின பிறகு அளவுங்கோ.